கவுஞ்சியில் விடியும் வரை

என் மனைவி செவ்வாய்க்கிழமையில் சோறு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த செவ்வாயும் அப்படியே. ஒரு டம்ளர் பால், இரண்டு மலைவாழைப்பழம், மற்றபடி பச்சைத் தண்ணீர். புதன்கிழமை விடிந்து, சூரியன் முகத்தைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பாள். செவ்வாயன்று கவிச்சி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

பிறகு ஒருநாள் காட்டில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள்.

அவள் பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில். இவளுக்குப் பத்து வயதாகும்போது அப்பா, அம்மாவோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்தாள். பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து கொடைக்கானல் மலையில் மரம் நடுகிற வேலை. மூத்த அக்கா மட்டும் வரவில்லை. அவருக்கு அங்கேயே கல்யாணமாகியிருந்தது, புருஷன் வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. இவளைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட, இவளுக்குத் தலை சீவி, ரொட்டி சுட்டு ஊட்டிவிட்டதெல்லாம் அவர்தான்.

"அக்காவ ஒரு தடவ நேர்ல பாக்கணும். பாத்துட்டு வந்து வேலப்பருக்குப் பால் கொடம் எடுத்து முடிக்கணும். அதுவரைக்கும் செவ்வாக்கெழம எனக்குச் சோறு வேணாம்" என்றாள். பூம்பாறைக் கோயில் முருகன் வேலப்பரிடம் சின்ன வயதிலேயே வேண்டிக்கொண்டாளாம். இலங்கைக்குப் போய்வர நமக்கு வழி எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அப்புறம் அங்கே சண்டை வந்தது. அக்கா எங்கெங்கோ போய், கடைசியில் மகனோடு கனடாவில் வான்கூவர் பக்கம் குடியேறினார். சில வருஷங்களாகத்தான் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அதில்தான் தெரிந்தது, அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள், அவரால் இனி விமானத்தில் வர முடியாது என்று.

எங்கள் ஒரே மகள் நர்ஸ். நியூசிலாந்தில் வேலை. அவள்தான் ஒருநாள் போனில் சொன்னாள்:

"அப்பா, நீங்களும் அம்மாவும் முதல்ல இங்க வாங்க. இங்கருந்து கடலத் தாண்டுனா பெரியம்மா ஊரு. அப்புறம் போன வழியே திரும்ப வேணாம். அந்தப் பக்கமா லண்டன் போயி ஊருக்கு வந்துரலாம். உலகத்த ஒரு சுத்து சுத்துன மாதிரி ஆச்சு."

எங்கள் கவுஞ்சியிலிருந்து கொடைக்கானலுக்குப் போய்வரவே முந்தின நாளிலிருந்து யோசிக்கிற ஆள் நான். ஐந்தாவது வரை படித்தவன். புது ஆள் எதிரே நின்றால் என் பெயரைச் சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் என் மனைவி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பூண்டுக் காட்டைப் பார்த்துக்கொள்ளும்படி என் தம்பியிடம் சொல்லிவிட்டு, இரண்டு பெட்டி வாங்கிவிட்டாள்.

மதுரையில் விமானம் கிளம்பி மேலே ஏறியதும் இடதுபக்க ஜன்னலில் தூரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அது நம் மலைதானா என்று பக்கத்து ஆளிடம் கேட்க ஆசை. கேட்கவில்லை. நம் மலைதான் என்று வைத்துக்கொண்டேன். காட்டில் களை எடுக்கும்போது மேலே போகிற விமானத்தை எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு நாம் தெரிவோமா என்று நினைப்பேன். தெரியவில்லை. காடும் வீடும் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் இருந்தன.

இறங்கும்போது பலருக்குக் காது அடைத்தது. குழந்தைகள் அழுதன. எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்கி ஏறிப் பழகிய காது. "இந்தா பாருங்க, காட்ரோடுதான்" என்று என் மனைவி எச்சிலை விழுங்கிக் காட்டினாள்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் தரை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தது. செருப்போடு மிதிக்க மனசு வரவில்லை. நான் ஓரமாக நடந்தேன். தானாக நகரும் பாதையில் எல்லாரும் நின்றபடியே போனார்கள். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் அதற்குப் பக்கத்திலேயே நான் வேகமாக நடந்துபோனேன். என் மனைவி அதில் ஏறி நின்றுகொண்டு, கைப்பிடியில் சாய்ந்து, "என்னங்க, மாட்டுக்கு முன்னாடி போற மாதிரி ஓடுறீக? ஏறுங்க" என்று சிரித்தாள். அடுத்த விமானத்தில் எனக்கு ரொம்ப நேரமாகத் தாகம். பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானை அமுக்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன். அதையும் அவள்தான் அமுக்கினாள்.

மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்தோம். அது அங்கே குளிர்காலம். ஊரில் மார்கழிக்குப் போடுகிற ஸ்வெட்டரும் குல்லாயுமே போதுமானதாக இருந்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனதும் நாங்கள் இருவரும் தெருவில் நடப்போம். எதிரே வருகிற யாராக இருந்தாலும் சிரித்து வணக்கம் சொல்வார்கள். பதிலுக்கு நானும் சிரித்துவிடுவேன். பேச்சே தேவையில்லாத இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இத்தனை பேரைப் பார்த்து நான் ஊரில்கூடச் சிரித்ததில்லை.

அக்கா ஊருக்குப் போகும் விமானம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. "வேலப்பர் நாள்லயே போறோம், பாத்தீங்களா" என்று என் மனைவிக்குச் சந்தோஷம். விடியற்காலையிலிருந்தே பாலும் பழமும்தான். பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வந்ததும் மகள், "கெளம்புன அன்னைக்கே போய்ச் சேந்துருவீங்கம்மா" என்றாள். ரொம்ப வெரசாகப் போகிற விமானம் போலிருக்கிறது என்று நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள்.

ஏறிக் கொஞ்ச நேரத்தில் சாப்பாடு வந்தது. என் மனைவி கையை ஆட்டி, "நோ, டியூஸ்டே" என்றாள். பணிப்பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எங்கிருந்தோ ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு விளக்கை அணைத்தார்கள். எல்லாரும் தூங்கினார்கள். நானும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது என் மனைவி ஜன்னல் மூடியைத் தூக்கிவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டிருந்தாள். வெளியே மேகத்துக்கு மேலே சூரியன். அவ்வளவு கிட்டத்தில் நான் சூரியனைப் பார்த்ததில்லை.

"விடிஞ்சிருச்சு. எனக்குச் சாப்பாடு வாங்குங்க" என்றாள்.

மகள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் சைவச் சாப்பாடு வந்தது. சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்ச நேரந்தான், அக்காவப் பாத்துருவேன்" என்று சொல்லி, வாயைத் துடைத்து, பொட்டு வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் பின்னால் நின்றான். கட்டிப்பிடித்து அழுவார்கள், நான் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பது என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அக்கா இவள் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து முகத்தைப் பார்த்தார்.

"போன்ல பாக்கையில ஒசரமாத் தெரிஞ்ச. இதென்னடி இம்புட்டுக் குட்டையா இருக்க?"

"நீ ரொட்டி குடுக்காமப் போயிட்டல்ல, அதான் வளரல" என்றாள் இவள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

காரில் போகும்போது அக்கா சொன்னார்: "நாளைக்குத்தான் என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாங்க. போயிட்டு வந்தா அன்னைக்குப் பூரா எழுந்திரிக்க மாட்டேன். இன்னைக்குத் தெம்பா இருக்கேன். அதுனால வெள்ளனே எந்திரிச்சு நானே சமைச்சு வச்சிட்டேன்."

"அப்போ நாளைக்கு, வியாழக்கெழமதான் ஆஸ்பத்திரியா?" என்றாள் என் மனைவி.

"நாளைக்கு ஏண்டி வியாழன்? நாளைக்குப் புதன்."

என் மனைவி சிரித்தாள். "உனக்கு நாளு மறந்து போச்சு. இன்னைக்குத்தான் புதன்."

"இன்னைக்குச் செவ்வாய் சின்னம்மா" என்றான் கார் ஓட்டிக்கொண்டிருந்த மகன். நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறதாம். கிழக்கே பார்த்து அதைத் தாண்டினால் போன நாள் திரும்ப வந்துவிடுமாம். நாங்கள் செவ்வாய் ராத்திரி ஏறி, அதே செவ்வாய் மத்தியானம் இறங்கியிருக்கிறோம்.

என் மனைவியின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் கருவாட்டுக் குழம்பு வாசனை. மேசையில் ரொட்டி அடுக்கி வைத்திருந்தது. மாசிக் கருவாடு போட்டு இடித்த தேங்காய்ச் சம்பல், கத்தரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. லயத்தில் இவளுக்கு அக்கா செய்துகொடுத்த அதே சாப்பாடு. அக்கா சக்கர நாற்காலியை மேசையோடு ஒட்டி நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு உப்பே ஆகாது, தங்கச்சி. கருவாட்டத் தொடவே கூடாதுன்னுட்டாங்க. நீ தின்னு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

இவள் உட்காரவில்லை. "எனக்கு வேணாங்க்கா. நாளைக்குச் சாப்புடுறேன்" என்றாள்.

"நாளைக்கு நான் எங்கடி இருப்பேன்? கண்ணு தொறக்க முடியாமக் கெடப்பேன். காலையிலருந்து இந்த நாற்காலியில இருந்துக்கிட்டே செஞ்சது."

"வேணாங்க்கா."

"ஏன், இந்தச் சாப்பாடெல்லாம் இப்ப எறங்காதோ? இந்தியா போயிப் பெரிய ஆளாயிட்ட."

என் மனைவி விறுவிறுவென்று போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டார். அவர் மகன் என்னைப் பார்த்தான். இந்த மாதிரி நேரத்தில் நான் வழக்கமாக வெளியே போய் நின்றுகொள்வேன். ஆனால் அந்த வீட்டில் வெளியே போகிற கதவை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

படியில் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"செவ்வாக்கெழமையில சோத்தத் தின்னுட்டேங்க" என்றாள் மெதுவாக. "இத்தன வருசம் இருந்தது. அக்காவுக்காக இருந்தது. அவளுக்கு ஒடம்பு இப்படிக் கெடக்கு. நான் தின்னதுல அவளுக்கு ஏதும் ஆயிட்டா?"

"தெரியாமத் தின்னதுதானே."

"தெரிஞ்சு திரும்பவும் திங்கச் சொல்றீங்களா? அதும் கவிச்சி. விடியட்டும்."

அக்கா உள்ளேயிருந்து, "என்ன குசுகுசுன்னு? எனக்கும் கேக்குற மாதிரி பேசுங்க" என்றார்.

இவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். யாருக்காக வேண்டினோமோ அவர் முன்னால் வேண்டுதலைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று ஒரு பிடிவாதம். அதனால் நான் போய் அக்கா எதிரே நின்றேன். மேசைமேல் இருந்த சம்பலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, வேலப்பர், பால்குடம், விமானத்தில் சாப்பிட்ட பருப்புச் சோறு. அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

அக்கா நாற்காலியை மாடிப்படிப் பக்கம் திருப்பினார். பிறகு, "எனக்காகவாடி?" என்றார். "பைத்தியக்காரி. அதான் பாத்துட்டியே. அப்புறம் என்ன வெரதம்?"

"அவருகிட்ட இன்னும் போய்ச் சொல்லலல்ல. பால்கொடம் எடுத்தாத்தான் முடியும்" என்றாள் இவள் படியிலிருந்தே.

"அப்ப நான் இதக் குப்பையில கொட்டவா?"

"கொட்டாத. நாளைக்கு நானே எடுத்துத் தின்னுக்கிறேன்."

"நான் பாக்கணுமுல்லடி!"

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. வாய்க்குள்ளேயே சொன்னேன் போலிருக்கிறது.

"என்ன தம்பி? சத்தமாச் சொல்லுங்க."

"இல்லக்கா... வேலப்பரு எங்க ஊர்லதான் இருக்காரு. அவருக்கு எப்பப் புதன் விடியுதோ, அதுதானே கணக்கு? இங்க விடியிறத அவரு எப்படிப் பாப்பாரு?"

அக்கா மகன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தியால இப்பவே புதன்கிழமைதான் சித்தப்பா" என்றான்.

"மணி என்னவா வேணாலும் இருக்கட்டும். சூரியன் வரணும்" என்றாள் என் மனைவி. ஆனால் படியிலிருந்து எழுந்துவிட்டாள். அவள் யோசிக்கத் தொடங்கிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: "உங்க தம்பிக்குப் போன் போடுங்க."

காத்திருந்தோம். அக்கா உப்புப் போடாத தன் சோற்றைச் சாப்பிட்டார். இரண்டு பேரும் லயத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. குழம்பை இரண்டு முறை சூடு பண்ணினார்கள். அங்கே கோழி கூவுகிற நேரம் வந்திருக்கும் என்று தோன்றியதும் தம்பியைக் கூப்பிட்டேன்.

கேரட் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். போனில் அவன் முகம் இருட்டாக இருந்தது.

"என்னண்ணே, என்னாச்சு? மதினி நல்லாருக்காகளா?"

"எல்லாம் நல்லாருக்கோம். ஏலே, அங்க விடிஞ்சிருச்சா?"

"கனடாவுக்குப் போயி, கவுஞ்சியில விடிஞ்சிருச்சான்னு கேக்குற ஒரே ஆளு நீதாண்ணே" என்றான். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. மதினியின் செவ்வாய்க்கிழமை அவனுக்குத் தெரியும்.

"வெளுத்துருச்சுண்ணே. ஆனா சூரியன் தெரியல. ஒரே மஞ்சு. காடே தெரியல பாரு" என்று போனைத் திருப்பினான். வெள்ளையாக ஒரு புகை மட்டும் தெரிந்தது. அதற்குள் எங்கள் பூண்டுக் காட்டின் ஓரத்துக் கல்லுக்கட்டும் ஒரு மரமும் மங்கலாகத் தெரிந்தன.

அக்கா, "தா, இங்க குடு" என்று போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இதா உங்க ஊரு? எங்க லயத்துக் காலை மாதிரியே இருக்கு. தம்பி, அந்த மரம் என்ன மரம்?"

"தைல மரங்க்கா" என்றான் தம்பி.

"தேயில இல்லையா?"

"தேயிலையெல்லாம் இல்லங்க்கா. பூண்டும் கேரட்டுந்தான். வாங்க, வந்து பாருங்க."

"அதுக்குத்தான் இங்க ஒருத்தி விரதம் இருந்து செத்துக்கிட்டு இருக்கா. நீங்க அந்தச் சூரியனக் காட்டுங்க வெரசா. ரொட்டி காயுது."

தம்பி லாரிக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு மேல்காட்டுக்கு ஏறினான். படிப்படியாக வெட்டிய காடு. ஒவ்வொரு படியாக ஏறுவது போனில் ஆடி ஆடித் தெரிந்தது. அவன் மூச்சு வாங்குகிற சத்தம் அந்தக் கனடா வீட்டுச் சாப்பாட்டு அறை முழுக்கக் கேட்டது. என் மனைவி, "பாத்துப் போங்க, கல்லு வழுக்கும்" என்று இங்கிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலு பேரும் ஒரு போனைச் சுற்றித் தலையை முட்டிக்கொண்டு இருந்தோம்.

உச்சிப் படிக்கு ஏறியதும் மஞ்சு கீழே தங்கிவிட்டது. முதலில் தைல மரங்களின் நுனி சிவந்தது. பிறகு எதிர்மலைக்கு மேலே கொஞ்சமாக, அப்புறம் முழுசாக வந்தது. போனில் பார்க்க அது வெறும் வெள்ளைப் பளபளப்புத்தான். ஆனாலும் என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். தெரியாமல் தின்றதற்கு மன்னித்துக்கொள்ளும்படியும், ஊருக்கு வந்ததும் பால்குடத்தோடு இன்னொரு தேங்காயும் சேர்த்து உடைப்பதாகவும் சத்தமாகவே சொன்னாள். அக்காவும் கும்பிட்டார்.

"போதுமா மதினி? லாரிக்காரன் கத்துறான். சோலி கெடக்கு" என்றான் தம்பி.

"போதும், போதும். நல்லாருப்பீங்க."

அக்கா ரொட்டியைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, முள் இல்லையா என்று விரலால் நசுக்கிப் பார்த்து இவள் வாயில் வைத்தார். இவள் மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படிடி இருக்கு?"

"உப்புக் கரிக்குதுக்கா."

"நான் எங்க ருசி பாத்தேன்? கரிச்சாலும் தின்னு."

தின்றாள். அக்கா ஊட்ட ஊட்ட அவள் ரொட்டி ரொட்டியாகத் தின்றதைப் பார்த்துக்கொண்டு சுவரோரமாக நின்றேன். இரண்டு பேருக்கும் நடுவில் போக எனக்கு மனமில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. தட்டில் கடைசி ரொட்டி இருக்கும்போதுதான் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்களும் செவ்வாய்க்கிழமையா?"

"இல்லங்க்கா."

"அய்யோ, அப்ப நீங்க மத்தியானத்துலருந்து ஏன் சும்மா நிக்கிறீங்க? கேக்கக்கூடாதா?"

என் மனைவி வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தாள். "அவரா? அவரு கேக்க மாட்டாருக்கா. நாமதான் குடுக்கணும்" என்று சொல்லி, கடைசி ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை என் கையில் வைத்தாள்.